மஞ்சள் வைத்த சம்மதப் பத்திரம்

2025 மார்ச் 10, திங்கட்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். வாசல் கொக்கியில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டுகளை எடுத்து உள்ளே வைத்தேன். நாட்குறிப்பில் தேதி எழுதி, 'வெயில் ஏறத் தொடங்கிவிட்டது' என்று ஒரு வரி சேர்த்தேன். ஏழே காலுக்கு என் தங்கை மகள் இனியா பள்ளி வேனுக்குக் கீழே இறங்கினாள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவள் லிஃப்டிலிருந்து வெளியே வருவதற்குள் என் கைபேசி அதிர்ந்தது. எங்கள் குடியிருப்பின் காவலாளி கையில் வைத்திருக்கும் செயலி கேட்கிறது: 'குழந்தை வெளியே செல்கிறது. அனுமதிக்கிறீர்களா?' பச்சைப் பொத்தானை அழுத்தினேன். பால்கனியிலிருந்து பார்த்தபோது கதவு திறந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

திண்டிவனத்தில் இருக்கும் நண்பர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். பிள்ளை தெருவுக்குப் போக போனில் பர்மிஷனா என்று கேட்கிறார்கள். அங்கே ஒரு பிள்ளை வெளியே போனால் எதிர் வீடு, மளிகைக் கடை, இஸ்திரி வண்டி என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் யாரையும் கேட்பதில்லை; கேட்காமலே எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள். பெங்களூரில் என் எதிர் வீட்டுக்காரரின் முழுப் பெயர் எனக்குத் தெரியாது. அவர் பெயர்ப்பலகையில் இருப்பது அவர் வளர்த்த நாயின் பெயர். ஆரம்பத்தில் இந்தப் பச்சைப் பொத்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. பார்த்துக்கொள்ள ஆட்கள் இல்லாத ஊர், பார்த்துக்கொள்வதற்கு ஒரு முறையைச் செய்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு காலையும் யாரோ ஒருவர் என்னைக் கேட்கிறார், நான் பதில் சொல்கிறேன். இந்த ஊரைப் பற்றி நான் மதிக்கும் பல விஷயங்கள் இப்படி எரிச்சலில் தொடங்கியவைதான்.

அன்று எனக்கு அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு. காலை பத்து மணிக்கு விசா விண்ணப்ப மையத்தில் நேரம் வாங்கியிருந்தேன். இனியாவின் அம்மா, என் தங்கை வசந்தி, அயர்லாந்தில் செவிலியாக வேலை செய்கிறாள். போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு இனியா அம்மாவை நேரில் பார்க்கவில்லை. வரும் கோடை விடுமுறையில் நான் அவளை அழைத்துச் சென்று, மே முழுவதும் அம்மாவோடு விட்டு வைத்து, பள்ளி திறப்பதற்குள் திரும்ப அழைத்து வருவதாகத் திட்டம். இதில் என்ன சிக்கல் என்று ஊரில் கேட்டார்கள். தாய்மாமன் கூட்டிக்கொண்டு போகிறான், அதற்கு மேல் என்ன வேண்டும்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் மடியில் உட்கார வைத்துத்தான் அவளுக்குக் காது குத்தினார்கள். விண்ணப்பத்தில் 'உடன் செல்பவரின் உறவு' என்ற இடத்தில் தாய்மாமன் என்று நிறைவோடு நிரப்பினேன். அடுத்த கேள்வி: 'இவர் சட்டப்படி காப்பாளரா?' இல்லை என்று நிரப்ப வேண்டியிருந்தது. காதோலைச் சீருக்கு முதலில் கூப்பிடும் ஆள், அந்தப் பக்கத்தில் ஒரு வழிப்போக்கன். இல்லை என்று பதில் வந்தவுடன் அடுத்த பக்கம் திறந்தது: தாய், தந்தை இருவருடைய சம்மதப் பத்திரமும் வேண்டும், நோட்டரி முன்னிலையில் கையெழுத்தாகியிருக்க வேண்டும்.

வசந்தியின் பத்திரம் அங்கிருந்து கூரியரில் வந்துவிட்டது. சிக்கல் தந்தையிடம். குணசீலன் சந்தாபுராவில் இருக்கிறார், ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் இயக்குபவர். தினமும் கர்நாடகத்தில் தூங்கித் தமிழ்நாட்டில் வேலை செய்பவர். எங்கள் பேகூர் சாலையிலிருந்து அவர் வீடு ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். ஆனால் அந்த வீட்டுக்கு நான் போய் ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. வசந்தியும் அவரும் பிரிந்தது எதனால் என்று இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அன்று நடந்தது புரியாது. வசந்தி வெளிநாடு போக விரும்பினாள். அவர் ஒப்பவில்லை. 'போனா திரும்ப மாட்ட' என்றார். அவள் தேர்வு எழுதினாள், தேறினாள். விண்ணப்பம் மேஜையில் மாதக்கணக்கில் கிடந்தது. பேச்சு வளர்ந்தது, வீடு இரண்டானது. அடிதடி இல்லை, குடி இல்லை, மூன்றாம் ஆள் இல்லை. இருவரும் சம்மதித்து மணவிலக்கு வாங்கினார்கள். பெண் அம்மாவிடம், மாதத்தின் முதல், மூன்றாம் ஞாயிறு அப்பாவிடம். வசந்தி போன பிறகு இனியா எங்களிடம். அதற்கும் அவர் தடை சொல்லவில்லை. ஞாயிறன்று சந்தாபுராவிலிருந்து பைக்கில் வந்து வாசலில் ஹாரன் அடிப்பார். இவள் ஓடிப் போவாள். மாலையில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். நானும் அவரும் கதவுக்கு உள்ளும் வெளியுமாக நின்றோம். நான் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தேன். அவர் என்னை மச்சான் என்பதை விட்டு சார் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்.

ஒருமுறை ஒப்பாத மனிதரிடம், அதே நாட்டுக்கு, இந்த முறை மகளை அனுப்ப ஒப்புதல் கேட்க வேண்டும். இதுதான் என் முன்னால் இருந்த வேலை. போதாததற்குச் சென்ற மாதம் வசந்தி போனில் ஒன்று சொல்லியிருந்தாள். அடுத்த ஆண்டிலிருந்து இனியாவைத் தன்னோடே வைத்துக்கொள்ள முடியுமா என்று அங்கே ஒரு பள்ளியில் விசாரித்திருக்கிறாள். "அந்தாளுகிட்ட இத மட்டும் சொல்லிடாதண்ணா. சொன்னா கையெழுத்து வராது" என்றாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

முதல் கையெழுத்து மார்ச் 6, வியாழக்கிழமை மாலை கிடைத்தது. சந்தாபுரா சர்க்கிளில் ஒரு நோட்டரி வக்கீல் அலுவலகம், ஜெராக்ஸ் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில். குணசீலன் ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு நேராக அங்கே வந்தார். "வாங்க சார். அப்பார்ட்மென்ட் ஆளுங்கல்லாம் பஸ்ல வர்றீங்களா இப்ப?" என்றார். பத்திரத்தை நீட்டினேன். "எங்க போடணும்?" என்று மட்டும் கேட்டார். நோட்டரி அறுபதைத் தாண்டிய கன்னடக்காரர். "ஓதி சைன் மாடி" என்றார், படித்துவிட்டுப் போடுங்கள் என்று. "படிச்சா மட்டும் என்ன சார் மாறப்போவுது" என்று தமிழில் சொல்லிவிட்டு குணசீலன் கையெழுத்துப் போட்டார். நோட்டரி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முத்திரையைக் குத்தினார். குணசீலன் பேனாவைக்கூட மூடாமல் மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய் பைக்கை உதைத்தார். பள்ளியைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீடு வரும் வரை மடியில் பத்திரத்தை வைத்துக்கொண்டே வந்தேன். வேலை முடிந்தது என்ற நிம்மதி இருந்தது. கிடைத்தது சம்மதம்தானா என்ற சந்தேகமும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் புதிதாக எந்தக் காகிதம் வந்தாலும் நான்கு மூலையிலும் மஞ்சள் வைப்போம். கல்யாணப் பத்திரிகைக்கு எல்லோரும் வைப்பார்கள். எங்கள் அப்பா மனைப் பட்டாவுக்கு வைத்தார், என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலுக்கு வைத்தார், என் முதல் வேலை உத்தரவுக்கு வைத்தார். நான் என் ஒவ்வொரு நாட்குறிப்பின் முதல் பக்கத்துக்கும் வைக்கிறேன். வெறும் காகிதம் வீட்டுக் காகிதம் ஆவது அப்போதுதான் என்று எண்ணம். அன்று விரலை நனைத்து, மஞ்சள் தொட்டு, சம்மதப் பத்திரத்தின் நான்கு மூலையிலும் ஒரே அளவில் வைத்தேன். சாமி படத்துக்கு முன்னால் உலர வைத்தேன். பிறகு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கோப்பில் நான்காவதாக அடுக்கினேன். இதில் ஏதாவது தவறு இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் நான் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் வேலை செய்பவன். பதிவுத் தாளில் டீக்கறை இருந்தால் குறுக்கே கோடு போட்டு 'செல்லாது' என்று எழுதித் திருப்பி அனுப்புவது என் வேலை.

திங்களன்று விசா மையத்தில் என் முறை வந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் இளம்பெண் இருந்தார். கோப்பைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்தார். அடுக்கியிருந்த விதத்தைப் பார்த்து, "நீட்டாகி இதே சார்" என்றார், நேர்த்தியாக இருக்கிறது என்று. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. நான்காவது உறைக்கு வந்ததும் அவர் கை நின்றது. தாளை வெளியே எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தார். வலப்பக்கக் கீழ் மூலையில் நோட்டரியின் வட்ட முத்திரை. அதன் பாதியில் என் மஞ்சள். மேலே ஈரம் பட்ட இடத்தில் நீல மை கரைந்து, நோட்டரியின் பதிவு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் பச்சையாகப் பரவியிருந்தன. வீட்டில் அது என் கண்ணில் படவில்லை. நான் பார்த்தது மஞ்சளை மட்டும்தான்.

"அரிஷினா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார், மஞ்சளா என்று. ஆமாம் என்றேன். வெட்கமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. "நம்ம மனேலூ ஹச்தீவி சார்" என்றார், எங்கள் வீட்டிலும் வைப்போம் என்று. எனக்குக் கன்னடம் பழக்கம்தான் என்றாலும், அடுத்ததை ஆங்கிலத்தில் நிதானமாக விளக்கினார். இங்கே வாங்கிக்கொள்வது பெரிய விஷயமில்லை. ஆனால் இதைப் படிக்கப்போகிறவர் மஞ்சள் வைக்காத நாட்டில் உட்கார்ந்திருப்பவர். முத்திரையின் மேல் கறையைப் பார்த்தால் யாரோ எதையோ மறைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். குழந்தை தொடர்பான கோப்பு என்பதால் இரண்டு மடங்கு சந்தேகப்படுவார். கோப்பை எடுத்துக்கொள்கிறேன், நாளை மதியத்துக்குள் புதுப் பத்திரத்தைக் கொண்டுவந்து தாருங்கள் என்றார். அந்தப் பெண் சொன்ன விதத்தை அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பழக்கத்தை உள்ளிருந்தும் தெரிந்துகொண்டு, அதே நேரம் வெளியிலிருந்து பார்க்கிறவன் கண்ணாலும் பார்க்க அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த நகரம் தன் பிள்ளைகளுக்கு இதைத்தான் கற்றுக்கொடுக்கிறது போலும்.

மனைவி கலாவுக்குப் போன் செய்து சொன்னேன். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. "ஆபீஸ்ல அடுத்தவன் பேப்பர்ல ஒரு சொட்டு மை விழுந்தா மெமோ குடுக்கற ஆளு" என்றாள். "சரி, அவரு மறுபடியும் போடுவாரா?" என் கவலையும் அதுதான். படிக்காமல் போட்ட கையெழுத்து அது. வேண்டாவெறுப்பாக ஒருமுறை போட்டவரிடம் மறுமுறை போய் நிற்பது, மூடிய கதவை இரண்டாம் முறை தட்டுவதுதான். இந்த முறை அவர் படிக்கக்கூடும். கேட்கக்கூடும். மறுத்துவிட்டால் இனியாவுக்கு இந்தக் கோடையும் அம்மா இல்லை.

அரை நாள் விடுப்பை முழு நாளாக்கிக்கொண்டு, முத்திரைத்தாள் வாங்க எங்கள் பகுதிக் கூட்டுறவுச் சங்கக் கிளைக்குப் போனேன். ஊரில் தாலுகா அலுவலக வாசலில் முத்திரைத்தாள் விற்பவர் தாளின் பின்பக்கம் நம் பெயரைப் பேனாவால் எழுதித் தருவார்; அதற்கு முன்னால் யாருக்கு, எதற்கு, வீட்டில் என்ன சண்டை என்று எல்லாம் விசாரித்துவிடுவார். இங்கே கணினியில் அச்சாகிறது. தேதி, நேரம், முதல் தரப்பு, இரண்டாம் தரப்பு எல்லாம் அச்சில் வந்துவிடும், பிறகு யாரும் மாற்ற முடியாது. முதல் தரப்பு குணசீலன் என்றேன். கவுன்டரில் இருந்த அம்மாள், "செகண்ட் பார்ட்டி யாரு சார்?" என்றார். இரண்டாம் தரப்பு என்று யாரும் இல்லை, இது வழக்கு இல்லை, எங்களுக்குள் தகராறு ஒன்றும் இல்லை என்று கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஜகள அல்ல சார். அவரு யாரிகெ கொட்தா இதாரே?" சண்டை இல்லை, அவர் யாருக்குக் கொடுக்கிறார் என்றுதான் கேட்கிறேன் என்றார். எனக்கு என்றேன். என் பெயரைத் தட்டினார். அச்சாகி வந்த தாளில் குணசீலன் பெயரும் என் பெயரும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. சென்ற முறையும் அப்படித்தான் இருந்திருக்கும். அப்போது நான் எழுத்துப் பிழை இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். ஒருவர் கொடுக்கிறார், ஒருவர் வாங்கிக்கொள்கிறார். எங்கள் உறவை இந்த ஊரால் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அச்சில் ஏதாவது கோணிப்போனால் இருக்கட்டும் என்று இரண்டு தாள் வாங்கிக்கொண்டேன்.

சந்தாபுராவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்து. அந்தப் பக்கம் இறங்கினாலே காதில் தமிழ்தான் விழும். காய்கறி வண்டியில் தமிழ், ஷேர் ஆட்டோவில் தமிழ், பேக்கரியில் கன்னடத்தில் கேட்டால் தமிழில் பதில். எல்லைக்குச் சில கிலோமீட்டர் முன்னால் நின்றுகொண்டு, போவதா இருப்பதா என்று முடிவு செய்யாத ஊர் அது. குணசீலன் வீடு ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே, இரும்புப் படியேறிப் போக வேண்டும். கதவு திறந்திருந்தது. தரையில் போர்வையை விரித்து மறுநாள் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், மறுபடியும்? போட்ட கையெழுத்து அழிஞ்சிபோச்சா?"

"கையெழுத்து இருக்கு. முத்திரைதான் போச்சு" என்றேன், வாசலில் நின்றபடி.

"உள்ள வாங்க. வாசல்ல நிக்கவெச்சுப் பேசறதுக்கு நானென்ன உங்க அப்பார்ட்மென்ட் வாட்ச்மேனா?"

உள்ளே போய் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். மஞ்சள் என்றதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"யாரு வெச்சது?"

"நாந்தான்."

"நாலு மூலைக்குமா?"

"நாலுக்கும்."

"அளவு பாத்து வெச்சிருப்பீங்களே" என்றார். பிறகு சிரித்தார். ஆறு ஆண்டுகளில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "எதுக்கு வெச்சீங்க? நல்லபடியா போகணும்னா, நல்லபடியா திரும்பணும்னா?"

"ரெண்டுக்கும்தான்."

சென்ற பத்திரத்தின் ஜெராக்ஸ் என்னிடம் இருந்தது. "குடுங்க. இந்தத் தடவ படிக்கிறேன்" என்று வாங்கினார். ஐடிஐ படித்தவர். இயந்திரக் கையேடுகளைப் படிப்பது போல ஒவ்வொரு வரியின் கீழும் விரலை வைத்துப் படித்தார். கீழே கடையில் யாரோ பேட்டரியைச் சோதிக்க ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார்கள். திரும்பும் தேதி இருக்கும் வரியில் விரல் நின்றது.

"மே இருபத்தொம்போது. இது டிக்கெட்டா, சும்மா எழுதினதா?"

"டிக்கெட்டும் அதேதான்."

"அடுத்த வருஷம்?"

நான் பையை மடியில் நகர்த்தி வைத்தேன்.

"வசந்தி அங்க ஸ்கூல் பாக்குதா?" அவர் என்னைப் பார்க்கவில்லை, காகிதத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். "எங்க பிளான்ட்ல ஒருத்தன் தங்கச்சியும் அங்கதான் இருக்கு. மொதல்ல லீவுக்குப் புள்ளைங்களக் கூட்டினு போவாங்க. அப்புறம் ஸ்கூலு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

வசந்தி சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் அச்சான அந்தத் தாள் என் பையில் இருந்தது. கொடுப்பவர் இவர், வாங்குபவன் நான். கொடுக்கிறவருக்குத் தெரியாமல் எதை வாங்குவது?

"விசாரிச்சிருக்கா" என்றேன். "அடுத்த வருஷத்துக்கு. முடிவு ஒண்ணும் ஆகல. இந்த வருஷம் கண்டிப்பா திரும்பக் கூட்டிட்டு வருவேன். அதுக்கு நான் பொறுப்பு. அடுத்த வருஷம் அப்படி ஏதாவதுன்னா, மறுபடியும் உங்ககிட்டதான் வரணும். உங்க கையெழுத்து இல்லாம நடக்காது."

குணசீலன் இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். சட்டைக் காலரைத் திருப்பித் திருப்பித் தேய்த்தார். தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தார். பேருந்தைப் பிடிக்க எழுந்துவிடலாமா என்று எனக்குத் தோன்றிய நேரத்தில் சுவிட்சை அணைத்தார்.

"இதுல 'நோ அப்ஜெக்‌ஷன்'னு போட்டிருக்கு. எனக்கு ஆட்சேபணை இல்லன்னு அர்த்தம், கரெக்டா?"

"ஆமா."

"எனக்கு ஆட்சேபணை இருக்கு மச்சான்." ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டேன். "வயிறு பூரா இருக்கு. ஆனா சம்மதம். அவ அம்மாவப் பாக்கணும். நான் ஒருத்தன் மறிச்சு நின்னது போதும். அத மட்டும் எழுதிக் குடுங்க, போடறேன். இல்லாத ஒண்ண இல்லன்னு போடலாம். இருக்கறத எப்படி இல்லன்னு போடறது?"

என் வேலையில் இந்த நேர்மையை நான் அதிகம் பார்த்ததில்லை. அச்சில் என்ன இருந்தாலும் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் நம்மில் பலர். வியாழக்கிழமை அவரும் அப்படித்தான் போட்டார். படித்த பிறகு அவரால் அது முடியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் பெரிய வித்தியாசம்.

கீழே இறங்கி நோட்டரியிடம் போனோம். மூத்த வக்கீல் எங்களைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்தார். ஒரு வாக்கியத்தை மாற்ற வேண்டும் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். குணசீலன் தன் பாணிக் கன்னடத்தில், பாதி தமிழும் கொஞ்சம் ஆங்கிலமுமாகக் காரணம் சொன்னார். வக்கீல் முழுவதையும் கேட்டார். இடையில் வந்த ஒரு போனை எடுக்காமல் வெட்டினார். பிறகு, அவர்கள் கேட்பது சம்மதம், ஆட்சேபணை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, அந்த வரி எல்லோரும் வழக்கமாகச் சேர்ப்பது, எடுத்துவிட்டால் சட்டப்படி ஒரு குறையும் இல்லை என்றார். தட்டச்சு செய்யும் பெண் அந்த வரியை நீக்கிவிட்டு, 'முழுவதும் படித்துப் புரிந்துகொண்டு என் சம்மதத்தைத் தருகிறேன்' என்ற வரியைச் சேர்த்தார். அச்சிட்டதும் வக்கீல் கேட்டார்: "ஈ சல ஓதித்ரா?" இந்த முறை படித்தீர்களா என்று.

"ஓதிதீனி சார்" என்றார் குணசீலன். படித்துவிட்டேன்.

அப்போதுதான் வக்கீல் பேனாவை அவரிடம் நீட்டினார். முதல் முறை படிக்காமல் போட்டதற்குத் தானும் முத்திரை குத்தியது அவருக்கு உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். கர்நாடகத்தில் நான் சந்தித்த அரசு, சட்ட அலுவலகங்கள் எல்லாம் இப்படி என்று சொல்ல மாட்டேன். காக்க வைத்தவர்களும் கடிந்துகொண்டவர்களும் உண்டு. ஆனால் ஒரு குழந்தை எல்லை தாண்டுவதற்கு முன்னால் இத்தனை பேர் நிறுத்தி, யார் அனுப்புகிறார், யாரிடம் அனுப்புகிறார், தெரிந்துதான் அனுப்புகிறாரா என்று கேட்கிறார்கள். எங்கள் ஊரில் சொந்தபந்தம் என்ற ஒரு சொல்லில் இதையெல்லாம் கேட்காமல் தாண்டிவிடுவோம். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நானும் விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கினேன். இந்தக் கேள்விகள் இல்லாவிட்டால், குணசீலனின் மனதில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியாமலே விமானம் ஏறியிருப்பேன்.

"அந்த இன்னொரு தாள்லயும் அடிச்சிடச் சொல்லுங்க" என்றார் குணசீலன். "ரெண்டுலயும் போடறேன். அப்புறம் இன்னொரு தடவ குங்குமம் வெச்சேன், விபூதி பூசினேன்னு வந்து நிக்காதீங்க. எனக்கு காலைல ஷிஃப்ட்டு." தட்டச்சுப் பெண்ணுக்குத் தமிழ் தெரியும் போலிருக்கிறது, வாயை மூடிக்கொண்டு சிரித்தார். ஒன்று விசாவுக்கு, ஒன்று விமான நிலையத்தில் கேட்டால் காட்ட. இரண்டிலும் குணசீலன் கையெழுத்து ஒன்றுபோலவே, நிதானமாக, முழுப் பெயராக விழுந்தது. இரண்டாம் தரப்புக்கு நேரே நான் போட்டேன்.

பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தார். ஓசூர்ப் பக்கம் போகும் பேருந்துகள் ஒரு புறம், நகருக்குள் போகும் பேருந்துகள் மறு புறம். "எப்ப கெளம்பறீங்க?" என்றார். மே 4, விடியற்காலை என்றேன். விரல் விட்டு எண்ணினார்.

"ஞாயித்துக்கிழமை."

"ஆமா."

"மொத ஞாயிறு. அது என்னுது மச்சான்."

குறையாகச் சொல்லவில்லை. நாள் என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார். தேதி, கிழமை, நேரம் என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கும் நான் டிக்கெட் எடுக்கும்போது அதைப் பார்க்கவில்லை. என் பேருந்து வந்தது. ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது, குணசீலன் எதிர்ப்புறப் பேக்கரியில் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தார்.

வீடு வந்தபோது இனியா தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "கெடச்சுதா மாமா?" என்றாள். கிடைத்தது என்றேன். "அப்பா என்ன சொன்னாரு?" போய்ட்டு வரச் சொன்னாரு என்றேன். அது உண்மைதான், முழு உண்மை இல்லை. முழுவதையும் அப்பா சொல்வதுதான் முறை. பத்திரங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். கலா சாமி அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. எழுந்ததும், பால் பையை எடுப்பதற்கும் முன்னால், வசந்திக்குப் போன் செய்தேன். அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. இரவுப் பணியில் அவளுக்கு இடைவேளை. பள்ளி விஷயத்தைக் குணசீலனிடம் சொல்லிவிட்டேன் என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னேன்.

"போட மாட்டேன்னுட்டாரா?" என்றாள்.

"போட்டாரு. படிச்சுட்டுப் போட்டாரு. ரெண்டு காப்பிலயும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்." ஆட்சேபணை பற்றிச் சொன்னேன். வரியை எடுத்ததைச் சொன்னேன். பிறகு, நாங்கள் கிளம்பும் நாள் அவருடைய ஞாயிறு என்பதையும் சொன்னேன். டிக்கெட்டை மாற்றட்டுமா என்று கேட்டேன்.

"வேணாண்ணா. அவரையே இனியாவ ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொல்லு. சனிக்கிழமை ராத்திரி அங்கியே தூங்கட்டும். அவரு நாள் அவருகிட்டதான் தொடங்கணும்."

பின்னால் யாரோ அவள் பெயரைச் சுருக்கி 'வாஸ், வாஸ்' என்று கூப்பிட்டார்கள். இரு என்று எனக்குத் தமிழிலும், வருகிறேன் என்று அவர்களுக்கு ஆங்கிலத்திலும் ஒரே மூச்சில் சொன்னாள். இந்தப் பக்கம் அடுத்த அறையில் இனியா எழுந்து, தேர்வுக்குக் கன்னடச் செய்யுளை உரக்க மனப்பாடம் செய்யத் தொடங்கியிருந்தாள். "அது அவ குரலா?" என்று வசந்தி கேட்டாள். போனைக் காதிலிருந்து எடுத்து, அந்த அறைக் கதவின் பக்கமாக நீட்டிப் பிடித்தேன். அவளுக்கு அந்த மொழியில் பாதி புரியாது. ஆனாலும் இடைவேளை முடியும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.